பெரிய மரம் என்றால் எத்தனை மீட்டர்?

அன்புள்ள டீச்சர்,

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பள்ளியிலிருந்து நீங்கள் எழுதியதற்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். பத்திரிகையில் எழுதக் காரணம், உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்வியை நீலகிரியில் இன்னும் நூறு பள்ளிகள் கேட்க வேண்டும் என்கிற பேராசைதான்.

உங்கள் கடிதத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கோணவியல் பாடம் முடிந்ததும், ஏற்றக்கோணத்தை வைத்துப் பள்ளிக்குப் பின்னால் நிற்கும் கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) அளக்கச் சொன்னீர்கள். ஒரு பாகைமானி, ஜூஸ் குடிக்கும் குழாய் ஒன்று, நூல், நூல் நுனியில் தொங்க ஒரு சின்ன எடை. அவ்வளவுதான் கருவி. இரண்டு குழுக்கள். இரண்டும் அடிமரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றன. ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. கிழக்கே நின்றவர்களுக்கு 50 பாகை வந்தது, உயரம் 37 மீட்டர். மேற்கே நின்றவர்களுக்கு 40 பாகை சொச்சம், உயரம் 27 மீட்டர். திரும்பச் செய்தாலும் அதே விடை. "சராசரி 32 என்று எழுதிக்கொள்ளலாமா? இல்லை, புத்தகத்தில் இருக்கிறபடி 'பெரிய மரம்' என்றே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் டீச்சர்.

பாடப்புத்தகத்துக் கணக்கில் வருவது கம்பம், கோபுரம், கலங்கரை விளக்கம். உச்சியிலிருந்து கல்லை நழுவவிட்டால் அது அடியிலேயே வந்து விழும். மரம் அப்படி வளர்வதில்லை. அதிலும் வயதான கற்பூர மரம் உச்சியில் நாலைந்து கிளைகளாகப் பிரிந்து விரிந்திருக்கும். அவற்றில் எது உயரமோ அது அடிமரத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் மரத்தின் உச்சிக் கிளை கிழக்குப் பக்கமாக 5 மீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே நிற்கும் குழுவுக்கு உச்சி 25 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அவர்களோ 30 என்று கணக்குப் போடுகிறார்கள். மேற்கே நிற்கும் குழுவுக்கு அது 35 மீட்டர் தூரம். அவர்களும் 30 என்றே போடுகிறார்கள். 50 பாகையின் டேன்ஜென்ட் 1.19. அதை 25-ஆல் பெருக்குங்கள், சுமார் 29.8 வரும். 40.4 பாகையின் டேன்ஜென்ட் 0.85. அதை 35-ஆல் பெருக்குங்கள், அதே 29.8. பார்க்கிறவரின் கண் உயரம் ஒன்றரை மீட்டரைச் சேர்த்தால் 31 மீட்டர் சொச்சம். பிள்ளைகள் கோணத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தூரத்தை எந்த இடம் வரைக்கும் அளப்பது என்பதில்தான் கோளாறு.

சராசரி 32 ஏறக்குறைய சரியாக வந்துவிட்டதே என்று தோன்றும். இரண்டு குழுவும் நேரெதிரே நின்றதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது. இரண்டும் கிழக்குச் சரிவிலேயே நின்றிருந்தால் சராசரியும் 37 ஆகியிருக்கும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை தெற்கே, இன்னொரு பிள்ளை மேற்கே நின்று, தூக்குநூலை உச்சிக் கிளைக்கு நேராகப் பிடிக்கட்டும். மூன்றாவது பிள்ளை மரத்தடியில் நடந்து, இரண்டு நூலுக்கும் நேராக வருகிற இடத்தில் ஒரு குச்சியை நடட்டும். உச்சிக்கு நேர் கீழே உள்ள இடம் அதுதான். டேப்பை அந்தக் குச்சி வரை இழுங்கள், அடிமரம் வரை அல்ல. லேசர் தூரமானி கிடைத்தால் வேலை இன்னும் எளிது. உச்சிக் கிளையையே நேராகக் குறிவைத்துச் சாய்வான தூரத்தை எடுத்து, அதைக் கோணத்தின் சைனால் பெருக்கிக் கண் உயரத்தைச் சேர்த்தால் போதும். உச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கணக்கு பிசகாது. உங்கள் கிழக்குக் குழுவுக்கு அந்தக் கருவி 38.9 மீட்டர் காட்டியிருக்கும், மேற்குக் குழுவுக்கு 46 மீட்டர். சைனால் பெருக்கினால் இரண்டுக்கும் விடை ஒன்று. மரம் அளப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களில் பலர் டேன்ஜென்ட்டை ஒதுக்கிவிட்டுச் சைனுக்கு வந்தது இதனால்தான்.

உங்கள் ஊரில் சரிவு இல்லாத இடம் கிடைக்காது. சரிவுக்குக் குறுக்கே, மரத்தடியும் உங்கள் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிற்கப் பாருங்கள். முடியாவிட்டால் அடிக்கும் ஒரு கோணம் எடுக்க வேண்டும். நிழலை அளக்கும் முறையைத் தேயிலைச் சரிவில் மறந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் லேசரும் உதவாது, மேகத்தில் பட்டே திரும்பி வந்துவிடும். காலை நேரமே நல்லது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "பெரிய மரம்" என்று விட்டுவிட்டால் என்ன?

நம் மலைகளின் தாவரப் பதிவுகள் உலகத் தரமானவை. ராபர்ட் வைட், பெடோம் ஆகியோர் 19-ஆம் நூற்றாண்டிலேயே படங்களோடு பெரிய நூல்களைத் தந்துவிட்டுப் போனார்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளின் 6,500 அடிக்கு மேற்பட்ட பகுதிகளுக்கென்றே 1915-இல் ஒரு தாவர நூல் வெளியிட்டார். அதே 1915-இல் கேம்பிள் தொடங்கி, ஃபிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலை இன்றைக்கும் புரட்டாத தாவரவியலாளர் இல்லை. இலை நரம்பு எத்தனை, இதழ் எத்தனை மில்லிமீட்டர், சூலகம் எத்தனை அறை எல்லாம் துல்லியமாக இருக்கும். உயரம் என்ற இடத்துக்கு வந்தால் பெரும்பாலும் "பெரிய மரம்", "நடுத்தர மரம்", "சிறு மரம் அல்லது புதர்". சில இடங்களில் அடிக்கணக்கு உண்டு. எந்த மரத்தை, எந்த ஊரில், யார் அளந்தது என்று இருக்காது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உலர் தாவரத் தாள் என்பது ஒரு முழம்கூட இல்லாத காகிதம். அதில் ஒரு சிறு கிளை, பூ, காய் ஒட்டலாம்; மரத்தை ஒட்ட முடியாது. மரம் எவ்வளவு உயரம் என்பது சேகரித்தவர் ஓரத்தில் குறித்துவைக்கும் கண்மதிப்பு. மழையில் நனைந்து, அட்டை கடித்து, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டிய அவசரத்தில் எழுதியது. இனத்தை அடையாளம் காண உயரம் தேவையில்லை என்பதால் அவர்களுக்கு அது பொருட்டாக இல்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இதே மாகாணத்தில்தான் 1802-இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து, துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் மூடும் நில அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கோபுரங்களின் உச்சிக்கு ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. அதையும் உட்கார்ந்து சரிசெய்து அளவையைத் தொடர்ந்தார் அந்த மனிதர். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று உங்கள் பள்ளிப் பிள்ளை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். அதன் சரிவில் நிற்கும் மரத்துக்குப் பெயரடைதான் கிடைத்தது.

நீலகிரியில் மரங்களை யாருமே அளக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. அளந்தார்கள், மும்முரமாகவே அளந்தார்கள். எதை அளந்தார்கள் என்பதுதான் விஷயம். 1843-இல் கேப்டன் காட்டன் நீலகிரிக்குக் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார். ஊட்டியும் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும் குளிருக்கு எரித்துச் சோலைகளைத் தீர்த்துக்கொண்டிருந்த காலம். 1856 முதல் விறகுக்காகவே தோப்புத் தோப்பாக நட ஆரம்பித்தார்கள். சென்னை மாகாணத்துக்கு வனத்துறை வந்ததும் அதே 1856-இல்தான். கால் நூற்றாண்டு கழித்து, போட்ட பணத்துக்கு எவ்வளவு விறகு தேறும் என்ற கேள்வி வந்தது. பிரான்சின் நான்சி வனவியல் பள்ளியில் படித்த டேவிட் எர்னெஸ்ட் ஹட்சின்ஸ் என்ற அதிகாரி, நீலகிரியில் ஆஸ்திரேலிய மரங்களின் வளர்ச்சியை அளந்து எழுதிய அறிக்கையை 1883-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. பின்னாளில் தென்னாப்பிரிக்கா, கென்யா, நியூசிலாந்து என்று போய்ப் பெரிய பெயர் எடுத்தவர் அவர்.

ஆக, இந்த மலையில் முதலில் ஒழுங்காக அளக்கப்பட்டவை வந்தேறி மரங்கள். கற்பூரத்துக்கும் சீகைக்கும் (வாட்டில்) எண் கிடைத்தது, ஏனென்றால் அவற்றுக்கு விலை இருந்தது. காலங்காலமாக இங்கேயே நின்ற சோலை மரத்தால் வருமானம் இல்லை, அதனால் எண்ணும் இல்லை. நீங்கள் கேட்கும் இடைவெளியின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்றைய ஆராய்ச்சியிலும் இதன் வால் நீள்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, முதுமலையில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டைப் பாத்தி பிரித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்தார்கள். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். யானை முறித்தது, தீயில் கருகியது, வறட்சியில் காய்ந்தது என்று அன்றிலிருந்து தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். இப்படி ஒரு காரியம் நம் நாட்டில் நடப்பது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பெரும் பதிவின் முதுகெலும்பு தண்டின் தடிமன். அதற்கு டேப் போதும். தரையில் நின்று நெஞ்சுயரத்தில், அதாவது நம் நாட்டு வழக்கப்படி 1.37 மீட்டரில், சுற்றி இழுத்தால் முடிந்தது. உயரத்துக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும், உச்சி தெரிய வேண்டும், தள்ளி நிற்க இடம் வேண்டும். அடர்ந்த காட்டில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால் உலகெங்கும் சுற்றளவுக் கணக்கு குவிந்து கிடக்கிறது, உயரக் கணக்கு அரிதாக இருக்கிறது.

தடிமனை வைத்தே உயரத்தை ஊகித்துவிடலாமே என்று கேட்பார்கள். ஊகிக்கிறார்கள். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் அந்த உறவு மாறும் என்பதுதான் சிக்கல். ஒரே சுற்றளவுள்ள இரண்டு மரங்களில் ஒன்று நடுவட்டத்துக்குக் கீழே உள்ள மழைக்காட்டில் 25 மீட்டர் ஓங்கியிருக்கலாம். மற்றது காற்றடிக்கும் மலை முகட்டில் 15 மீட்டரோடு நின்றிருக்கலாம். மரத்தில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட ஜெரோம் ஷாவும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் 2014-இல் தந்த சமன்பாடு இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் தடிமன், கட்டையின் அடர்த்தி, உயரம் மூன்றும் வேண்டும். நான் சொன்ன இரண்டு மரங்களின் கட்டை ஒரே அடர்த்தி என்றால், உயர மரத்தில் இருக்கும் கரி குட்டை மரத்தில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். உயரத்தைக் கண்மதிப்பாகப் போட்டால் அந்தத் தப்பு ஒரு மலைத்தொடர் முழுக்கப் பெருகும்.

நாசா 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய லேசர் கருவி ஒன்று மேலிருந்தே காட்டின் உயரத்தை அளக்கிறது. அதன் ஒரு புள்ளி தரையில் 25 மீட்டர் அகலம். சமவெளிக் காட்டில் அருமையாக வேலை செய்யும். உங்கள் ஊர்ச் சரிவில் 25 மீட்டர் அகலத்துக்குள் தரையே பத்து மீட்டர் ஏறி இறங்கும். மரம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கருவி திணறும். தவிர, அது பார்த்தது செண்பகமா நாவலா என்று அதற்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவில் வெற்றிடம் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெருக்கிச் சொன்ன எண்ணைப் பொறுக்க முடியாது. ஒருமுறை அச்சேறிவிட்டால் நூறு வருஷத்துக்குப் போகாது. 19-ஆம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவில் 400 அடி, 500 அடி மரங்களைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. பெரிய தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லரே அந்த எண்களை எழுதினார். 1888-இல் மெல்போர்னில் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது, 400 அடிக்கு மேற்பட்ட மரத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். சர்வேயர்கள் போய் அளந்தார்கள். அகப்பட்டதில் உயரமானது 326 அடி. இன்றைக்கும் அந்த நாட்டின் உயரமான மரம், தாஸ்மேனியாவில் நிற்பது, 100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அடியில் சொன்னால் 330. நானூறும் ஐநூறும் எங்கே போயின? பெரும்பாலும் உங்கள் கிழக்குக் குழுவின் கணக்கைப் போல, சாய்ந்த உச்சியிலும் சரிந்த தரையிலும்தான் போயிருக்கும்.

மாறாக, 2018-இல் மலேசியாவின் சபாவில் டானும் பள்ளத்தாக்கில் விமான லேசர் ஒரு மரத்தைக் காட்டிக்கொடுத்தபோது, அதை அப்படியே அறிவித்துவிடவில்லை. 2019-இல் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர் மரமேறி உச்சி வரை ஏறி, டேப்பைத் தொங்கவிட்டு 100.8 மீட்டர் என்று சொன்ன பிறகுதான் வெப்பமண்டலத்தின் உயரமான மரம் என்று பேசினார்கள்.

இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல உயரமான மரம் எது?" என்ற போட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் எல்லாரும் கற்பூர மரத்தையே தேடிப் போவார்கள். அதன் சொந்த ஊரான தாஸ்மேனியாவில் அது 90 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. அதனோடு நமக்கென்ன போட்டி? பதிவில் குறைவது நடுத்தர மரங்கள்தான். ஒரு நீலகிரிச் செண்பகம் லாங்வுட் சோலையில் எவ்வளவு உயரம் போகிறது, தொட்டபெட்டா முகட்டில் எவ்வளவோடு நின்றுவிடுகிறது? இப்படிப்பட்ட எண்கள்தான் வேண்டும். எட்டு மீட்டர் என்ற எண்ணும் எண்தான்.

காட்டுப்பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பூ பூக்கும் நம் ரோடோடெண்ட்ரான். இமயமலையிலும் இதே இனம்தான். நாகாலாந்தில் ஜப்ஃபு மலையில் ஒன்று 108 அடி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. நம் மலையில் இருப்பது அதன் தெற்கத்திக் கிளையினம். புல்வெளி ஓரத்தில், முறுக்கிக்கொண்ட தண்டோடு, பனியும் தீயும் தாங்கி நிற்கும். நூல்களில் அது "சிறு மரம்". எவ்வளவு சிறிது? அவலாஞ்சியில் எவ்வளவு, கோத்தகிரிப் பக்கம் எவ்வளவு? காற்றும் குளிரும் சோலை மரங்களைக் குட்டையாக வைத்திருக்கின்றன என்று எல்லாரும் சொல்கிறோம். கடல்மட்டத்திலிருந்து ஏற ஏற எந்த உயரத்தில், எந்த இனம், எவ்வளவு குட்டையாகிறது என்று அட்டவணை போட்டுக் காட்ட எண்கள் வேண்டும். வெப்பம் கூடக்கூட அந்த அட்டவணை நகருகிறதா என்று பேரப்பிள்ளைகள் பார்க்கவும் இன்றைய எண் வேண்டும்.

எங்கே தொடங்குவது? சோலைக்குள் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் காட்டெருமைக்கும் கரடிக்கும் அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. லாங்வுட் சோலை போன்ற இடங்களில் சாலையோரத்தில் நின்றே விளிம்பு மரங்களை அளக்கலாம். 116 ஹெக்டேரே உள்ள அந்தச் சோலை 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அதன் மரங்களுக்கு உயரப் பட்டியல் ஒன்று இருந்தால் பொருத்தமாக இருக்கும்.

அதற்கு முன் கை பழக உங்களுக்குச் சிம்ஸ் பூங்கா இருக்கிறது. 1874-லிருந்து வளரும் தோட்டம். பல மரங்களில் பெயர்ப்பலகை உண்டு, அதனால் இனம் தெரியாமல் திண்டாட வேண்டாம். பலகையில் பெயர் இருக்கும், குடும்பம் இருக்கும், சொந்த நாடு இருக்கும். அதோடு உயரத்தையும் தேதியையும் சேர்த்தால் என்ன என்று தோட்டக்கலைத் துறையிடம் பிள்ளைகளே மனு எழுதிக் கேட்கட்டும். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் 1848-லிருந்து மெக்ஐவர் நட்டு வளர்த்த தலைமுறையின் மரங்களும் இருக்கின்றன. நட்ட வருஷம் தெரிந்த மரம் கிடைத்தால் விடாதீர்கள். வயது, உயரம் இரண்டும் சேர்ந்து கிடைப்பது பெரிய வரவு.

எஸ்டேட்டுக்குள் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கிளை கழிப்பார்கள், சில இடங்களில் தலையையும் வெட்டுவார்கள். அந்த உயரம் மேனேஜர் சொன்ன உயரம், மரம் விரும்பிய உயரம் அல்ல. பதிவில் "தலை வெட்டியது" என்று கட்டாயம் குறியுங்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை தேயிலை. கவாத்து வெட்டாமல் விட்டால் அதுவே பத்து மீட்டர் மரமாகும். கைவிட்ட தோட்டங்களில் அப்படி ஓங்கிய தேயிலை மரங்கள் உங்கள் பக்கத்தில் எங்கேனும் நிற்கும். இடுப்பளவுச் செடியையே பார்த்து வளர்ந்த கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் அதை அளந்தால் வீட்டில் நல்ல பேச்சாக இருக்கும்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி போதும். இனம், நெஞ்சுயரச் சுற்றளவு, உயரம், எந்த முறையில் அளந்தது, எந்தப் பக்கம் நின்று அளந்தது, தேதி, இடம், கடல்மட்ட உயரம், அளந்தவர். இனம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதி, இலை, பட்டை, பூ, காய் படம் எடுத்து வையுங்கள். கோவையில் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் உலர் தாவர நிலையத்தில் கேட்கலாம். பட்டியலை இந்திய பல்லுயிர் இணையத்தளத்திலும் ஏற்றலாம். சந்தனம், ஈட்டி இரண்டுக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள். உயரமான சந்தன மரத்தின் முகவரியைத் தேடுபவர்களுக்குத் தாவரவியலில் ஆர்வம் இருக்காது.

வந்தேறி மரங்களைத் திட்டிவிட்டேன் என்று நினைத்து அவற்றை விட்டுவிடவும் வேண்டாம். அயல் தாவரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு அதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. புல்வெளிகளை மீட்க சீகையும் கற்பூரமும் போகத்தான் வேண்டும், எனக்கு அதில் இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் 1883-இல் ஒரு அளவு இருக்கிறது. அதன் மறுமுனையில், போவதற்கு முன் எடுத்த அளவும் இருந்தால் ஒரு மரத்தின் நீலகிரி வாழ்க்கை முழுமையாகப் பதிவில் நிற்கும். போர்ச்சுகலில் கோயிம்ப்ரா நகரத்தை ஒட்டிய தோப்பில் நிற்கும் ஆஸ்திரேலிய கார்ரி மரம் ஒன்று 72 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான மரம் என்று சலிக்காமல் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வந்தேறிக்கு மாலை போட வேண்டியதில்லை, கணக்கு எழுதலாம்.

வெட்டுகிற இடம் உங்களுக்கு நல்ல பள்ளிக்கூடமும்கூட. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் வீடுகளுக்கும் சாலைக்கும் மேல் சாய்ந்து நிற்கும் ஆபத்தான மரங்களுக்கு அப்படி அனுமதி கொடுப்பார்கள். எந்த மரம், என்றைக்கு என்று வனச்சரக அலுவலகத்திலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நிற்கும்போது பிள்ளைகள் பாகைமானியால் அளந்து எழுதி வைக்கட்டும். வெட்டுபவர்கள் வேலையை முடித்து, மரம் அசையாமல் கிடக்கிறது என்று சொன்ன பிறகு டேப்பால் அளக்கட்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பள்ளிக் கருவியின் பிழை. நாலைந்து மரங்களில் இப்படிச் செய்தால், நிற்கும் மரத்தில் நீங்கள் எடுத்த மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியும். விழுந்த வேகத்தில் உச்சிக் கிளை முறிந்து சிதறியிருக்கும்; துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். மண்ணில் நிற்கும் அடிக்கட்டையின் உயரத்தையும் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்